தாழ்ப்பாள் ஓசைக்கு விழித்திருப்பவர்கள்

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு, அம்மா 11 மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். வலிக்குக் கொடுத்த மருந்தின் மயக்கமோ என்று ஐயப்பட்ட இரவுச் செவிலியர் இரண்டு முறை வந்து நாடி பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அம்மா முனகலாகப் பதில் சொன்ன பிறகே நகர்ந்தார். காலையில் கண் விழித்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவர் கொஞ்சம் வெட்கப்பட்டவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காது வெச்சுக்கிட்டுப் படுக்க வேண்டாமே, அதான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. அண்ணனுக்கு 23 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில், காதில் கேட்ட குரல்கள் கூப்பிட்டதாகச் சொல்லி, மூன்று முறை நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறான். மூன்றாவது முறை அவன் கிடைக்க ஒன்றரை நாள் ஆயிற்று. செருப்பில்லாத காலோடு நெடுஞ்சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனை முகம் தெரியாத ஒருவர் பார்த்து, சட்டைப் பையில் அம்மா எழுதி வைத்திருந்த எண்ணுக்குத் தகவல் சொன்னார். அன்றிலிருந்து அம்மா படுக்கையறையில் படுக்கவில்லை. கூடத்தில், வாசற்கதவுக்கும் அண்ணனின் அறைக்கும் நடுவில் பாயை விரித்துக்கொண்டார். நோய் அடங்கி, அண்ணன் இரவில் வெளியே போவது நின்று ஆண்டுகள் பல ஆன பிறகும் பாய் இடம் மாறவில்லை. 19 ஆண்டுகளாக, இரும்பு இரும்பில் உரசும் ஒரு சின்ன ஓசைக்காக ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே அவர் தூங்கியிருக்கிறார்.

இந்த 19 ஆண்டுகளும் நான் வேறு ஊரில் இருந்தேன். வாரம் இரண்டு முறை தொலைபேசியில் பேசுவேன். "எல்லாத்தையும் தலையில போட்டுக்காதீங்கம்மா, உங்க உடம்பையும் பாத்துக்கோங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அன்போடுதான் சொன்னேன். அம்மா விழுந்த பிறகு வேலையில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்ற மூன்றாவது வாரத்தில், அதே அறிவுரையை என் தோழி என்னிடம் சொன்னபோது, தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். என் உடம்பைப் பார்த்துக்கொள்வது என்பது, ஏற்கெனவே இருக்கும் வேலைகளின் வரிசையில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட இன்னொரு வேலையாகத்தான் எனக்குப் பட்டது. அதைச் செய்வதற்கான நேரத்தை யாரும் கையில் கொடுக்கவில்லை.

மனநோயாளியையோ போதைக்கு அடிமையானவரையோ பார்த்துக்கொள்பவருக்கு ஆதரவு என்றால் என்ன என்ற கேள்விக்கு, இந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த விடை மிக எளிமையானது. அவருடைய நேரத்தில் ஒரு பகுதியை வேறொருவர் உண்மையாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். நோயைப் பற்றி மருத்துவருக்குத் தெரிந்ததை அவருக்கும் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்ததை மருத்துவர் கேட்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் சொல்லப்படும் ஆறுதல், சொல்பவரின் மனத்தைத்தான் ஆற்றுகிறது.

அம்மாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது. அதைப்போல நிரம்பிய நோட்டுகள் இன்னும் 14 அலமாரியில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான், காலை மாத்திரை, இரவு மாத்திரை, குளித்தானா, யாரோடாவது பேசினானா, தனக்குத்தானே சிரித்தானா என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் 'வயிறு' என்று எழுதி, ஒவ்வொரு நாளும் சரியாகக் கழித்தானா என்பதைக் குறித்திருந்தார். முதலில் இது அளவுக்கு மீறிய கவலையாகத் தோன்றியது. அண்ணன் உட்கொள்ளும் குளோசபைன் என்னும் மருந்தைப் பற்றிப் படித்த பிறகே அந்தக் கட்டத்தின் அருமை புரிந்தது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்கு இந்த மருந்தைப்போல் பயன் தருவது வேறில்லை. ஆனால் ரத்த வெள்ளையணுக்களை அது ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை தொடர்ந்து தேவைப்படுகிறது. அதைப்போலவே, குடலின் இயக்கத்தை மந்தமாக்கி உண்டாக்கும் மலச்சிக்கல் கவனிக்கப்படாமல் விடப்பட்டால் உயிரையே எடுக்கக்கூடியது. அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். மருத்துவமனையில் வரிசையில் அருகில் உட்கார்ந்திருந்த இன்னொரு தாய் சொன்னாராம்.

என் கையால் நேர்ந்த ஒரு தவறையும் இங்கே எழுதியாக வேண்டும். பொறுப்பேற்ற இரண்டாம் மாதம், அண்ணனின் நுரையீரலைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், அவன் புகைப்பதை நிறுத்த வைத்தேன். ஒரு நாளைக்கு 20 சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தவன், நான் கெஞ்சியதற்காக ஒரே நாளில் விட்டான். பத்து நாள்களுக்குள் நண்பகல் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். வழிந்த எச்சிலில் தலையணை நனைந்திருந்தது. எழுந்து நின்றால் கால் தள்ளாடியது. நோய்தான் முற்றுகிறது என்று எண்ணி நடுங்கிப்போய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், கல்லீரலில் குளோசபைனைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்றால் அந்த நொதி தணிந்து, அதே அளவு மாத்திரையே ரத்தத்தில் மிகையாகத் தங்கிவிடுகிறது. மருந்தின் அளவைக் குறைத்த பிறகு அவன் தேறினான். வீட்டுக்கு வந்து அம்மாவின் நோட்டைப் புரட்டியபோது, அட்டையின் உட்புறத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்ததைக் கண்டேன்: 'சிகரெட்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான்.' நான் உள்பக்கங்களை மட்டும் படித்திருந்தேன். புகைப்பதை விடுவது நல்லதுதான். மருத்துவர் மருந்தின் அளவைக் கூடவே சரிசெய்துகொண்டு வந்தால் அது தீங்கில்லாமல் நடக்கும். ஆனால் இந்த அறிவு ஒரு அட்டையின் உட்புறத்தில், ஒருவரின் கையெழுத்தில் மட்டுமே இருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. அந்த ஒருவர் விழுந்தால் அதுவும் சேர்ந்தே விழும்.

இந்த வேலை எப்படி வீட்டுக்குள் வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோய்க்கு மருந்தாகப் பயன்படத் தொடங்கியது. 1955இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் மட்டும் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தப் படுக்கைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், மூடப்படும் மருத்துவமனைகளுக்கு ஈடாக நாடெங்கும் சமுதாய மனநல மையங்களைத் திறக்கப்போவதாகச் சொன்னது. திட்டமிட்ட மையங்களில் ஏறத்தாழப் பாதிதான் எழுந்தன. பூட்டிய விடுதிகளிலிருந்து மனிதர்கள் வெளியே வந்தது மகத்தான நன்மை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மூன்று பணிநேரங்களில் மாறி மாறிப் பலர் சம்பளத்துக்குப் பார்த்த வேலையை, ஊதியமும் பயிற்சியும் மாற்று ஆளும் இல்லாமல் ஒரு தாயோ மனைவியோ தங்கையோ ஏற்றுக்கொண்டாள் என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை. 'சமுதாயப் பராமரிப்பு' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் பொருள், கூடத்தில் விரித்த பாய்.

விதிவிலக்காக ஒரு காட்சி என் மனத்தில் நிற்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தாரும் தங்குவதற்கு மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அமைத்தார். குடும்பத்தினர் உடனிருந்து நோயாளியைக் கவனித்தார்கள், நோயைப் பற்றிக் கேட்டறிந்தார்கள், பிற குடும்பங்களைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் இடப் பற்றாக்குறையும் ஆள் பற்றாக்குறையும் இருந்த காலம் அது. அந்தக் கூடாரத்தில் அருகருகே படுத்த இரண்டு தாய்மார் இரவில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி கற்பனை செய்து பார்க்கிறேன். வயிறு என்ற கட்டத்தை நோட்டில் சேர்க்கச் சொன்ன பெண்ணைப்போல யாராவது ஒருத்தி அங்கேயும் இருந்திருப்பாள்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதற்கு முன், குடும்பத்தின்மீது பழிபோட்ட காலமும் இருந்தது. 1948இல் ஃபிரீடா ஃபிராம் ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லை என்று எப்போதோ கைவிட்டாயிற்று. ஆயினும் அதன் நிழல் போகவில்லை. "சின்ன வயசுல ரொம்ப செல்லம் கொடுத்தீங்களா, இல்ல ரொம்ப அடிச்சீங்களா" என்று உறவினர்கள் அம்மாவிடம் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பின் வந்த ஆய்வுகள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியவை. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சி, மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்களுக்கு, விடுதியில் தங்கப் போனவர்களைவிட அதிகமாக நோய் மீண்டும் முற்றியதைக் கண்டது. வீட்டில் குறைசொல்லும் பேச்சும், பகைமையும், அளவுக்கு மீறிய உணர்ச்சி ஈடுபாடும் மிகுந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் உறுதிசெய்தன. 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய வீட்டில் நோயாளியும் உறவினரும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தால் ஆபத்து மேலும் அதிகமாவது தெரிந்தது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறுபடியும் எங்களைத்தான் குற்றவாளியாக்குகிறார்கள் என்று எண்ணினேன். பிறகு 35 என்ற அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவும் அண்ணனும் ஒரே கூரையின்கீழ் விழித்திருந்த நேரம் வாரத்துக்கு 90 மணியைத் தாண்டியிருக்கும். எந்த மனிதரும் இன்னொரு மனிதரை, அதுவும் குளிக்க மறுக்கும், ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்கும், தன்னை விஷம் வைத்துக் கொல்லப் பார்ப்பதாகச் சந்தேகிக்கும் ஒருவரை, 90 மணி நேரம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ள முடியாது. சலிப்பும் கடுஞ்சொல்லும் குணக்கேட்டிலிருந்து வருவதைவிடக் களைப்பிலிருந்து வருவதே அதிகம். ஆகவே அந்த ஆய்வு எனக்கு இன்று வேறொன்றைச் சொல்கிறது: மணிக்கணக்கைக் குறைக்க ஆள் கொடுங்கள், பேச்சு தானாகவே மென்மையாகும்.

குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது நோயாளியின் உடல்நிலையில் என்ன மாற்றத்தைத் தரும் என்பதற்கும் தெளிவான விடை உண்டு. 1986இல் பிட்ஸ்பர்க்கில் ஜெரார்டு ஹோகார்ட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களில் 41 விழுக்காட்டினருக்கு முதலாண்டில் நோய் திரும்பியது. சிகிச்சையோடு குடும்பத்துக்கு நோய்க்கல்வியும் சேர்த்து அளிக்கப்பட்டவர்களில் அது 19 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு புதிய மாத்திரை இப்படிப்பட்ட பலனைக் காட்டியிருந்தால் அதை எல்லா மருந்துச் சீட்டிலும் எழுதியிருப்பார்கள். பார்த்துக்கொள்பவரோடு உட்கார்ந்து பேசுவது இன்றும் நேரமிருந்தால் செய்யும் கூடுதல் சேவையாகவே நடத்தப்படுகிறது.

மருத்துவரின் அறைக்குள் நிகழ்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணனை முதலில் பார்த்துவந்த ஒரு மருத்துவர், அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று காரணம் காட்டி வெளியே உட்காரச் சொல்லிவிடுவாராம். அண்ணனின் அந்தரங்கத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவன் மருத்துவரிடம் தனியாகச் சொன்னதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கவே மாட்டேன். ஆனால் இரகசியக் காப்பு என்பது நோயாளி சொன்னதைப் பிறருக்குச் சொல்வதைத்தான் தடுக்கிறது. குடும்பத்தார் சொல்வதைக் கேட்டுக்கொள்வதை அது எந்த வகையிலும் தடுப்பதில்லை. அந்த நோய் பொதுவாக எப்படிப்பட்டது, அதன் மருந்துகள் என்ன செய்யும், எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும் என்பதை விளக்குவதற்கும் தடையில்லை. இது தெரியாமல் பல குடும்பங்கள் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. பேச அனுமதிக்காவிட்டால், மூன்று வாரத் தூக்கத்தையும் நடத்தையையும் அரைப் பக்கத்தில் எழுதி, உள்ளே போகும்போது மேசைமேல் வைத்துவிடலாம். அம்மா கடைசியில் அதைத்தான் செய்தார்.

தனக்கு நோயே இல்லை என்று ஒருவர் உறுதியாக நம்பும்போது என்ன செய்வது என்பது, எல்லாக் குடும்பங்களும் முட்டிக்கொள்ளும் சுவர். அதை நாங்கள் நெடுங்காலம் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தோம். மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தம் நோயை உணரும் ஆற்றலே குறைந்துவிடுகிறது. அது நோயின் ஓர் அறிகுறி. தம் அண்ணனுக்கும் மனச்சிதைவு இருந்த உளவியலாளர் ஒருவர், சேவியர் அமடார், தம் சொந்தத் தோல்விகளிலிருந்து கற்று ஓர் அணுகுமுறையை வகுத்தார். வாதாடி ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் படும் துன்பத்தை ஏற்று, உடன்படக்கூடிய ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து கூட்டாக வேலை செய்வது என்பதே அதன் சாரம். நான் அதை முயன்று பார்த்தேன். "உனக்கு நோய், அதனால் மாத்திரை" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "ராத்திரி தூக்கம் வரலைன்னு சொன்னியே அண்ணா, அதுக்கு என்ன செய்யலாம்" என்று தொடங்கினேன். தூக்கம் அவனுக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும். மாத்திரை அந்தப் பேச்சின் வழியாக அவன் கைக்குப் போயிற்று.

மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளர் மாதமிருமுறை நடத்தும் பராமரிப்பாளர் கூட்டத்துக்கு நான் போகத் தொடங்கியது ஐந்தாவது மாதத்தில். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எட்டுப் பேர், சில நாள்களில் பன்னிரண்டு பேர் உட்காருவோம். அங்கேதான் குடிநோயாளிகளின் மனைவிமாரை முதன்முறையாக நெருங்கி அறிந்தேன். அவர்கள் சுமப்பதில் எங்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் பாரம் இருக்கிறது. அண்ணனுக்கு நோய் என்றால் ஊர் பரிதாபப்படுகிறது. கணவன் குடிக்கிறான் என்றால், அவள் வாய்தான் காரணம் என்று பேசுகிறது. அவர்களில் ஒருவர், கணவனுக்குக் காய்ச்சல் என்று அவருடைய அலுவலகத்துக்கு மாதந்தோறும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் தனக்கே உண்மையில் காய்ச்சல் வந்து தன் வேலைக்கு விடுப்புச் சொல்ல அழைத்தபோது, பொய் சொல்வதைப்போலக் குரல் நடுங்கியது என்றார். அறையில் யாரும் வெகுநேரம் பேசவில்லை.

குடிப்பவர்களின் குடும்பத்தார் தங்களுக்காகவே கூடும் அல் அனான் என்ற அமைப்பு 1951இல் உருவானது. குடியைத் தான் உண்டாக்கவில்லை, தன்னால் அதைக் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் இயலாது என்று அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வது, இத்தனை காலம் புட்டிகளைத் தேடி ஊற்றிக் கவிழ்த்தே ஓய்ந்த ஒருத்திக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த வட்டத்தில் பார்த்தேன். அதே சமயம், குடிப்பவர் அடிமட்டம் வரை வீழ்ந்து தானாகத் திருந்தும் வரை குடும்பத்தால் செய்யக்கூடியது எதுவுமில்லை என்று கைகழுவுவதும் சரியில்லை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மெயர்ஸ் உருவாக்கிய ஒரு பயிற்சிமுறை, குடிக்காத பொழுதுகளில் அன்பையும் கவனத்தையும் காட்டுவது, குடித்திருக்கும்போது சண்டையிடாமல் விலகிக்கொள்வது, குடியின் விளைவுகளைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் அவரே எதிர்கொள்ள விடுவது, சிகிச்சையைப் பற்றி எந்த நேரத்தில் பேச வேண்டும் என்று கணிப்பது ஆகியவற்றைக் குடும்பத்துக்குக் கற்றுத்தருகிறது. 1999இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர், சிகிச்சையே வேண்டாம் என்றிருந்த தம் குடிநோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். உறவினரெல்லாம் சூழ்ந்து நின்று நேரடியாக வற்புறுத்தும் முறையில் அது 30 விழுக்காடாகவும், அல் அனான் வழியில் 13 விழுக்காடாகவும் இருந்தது. அல் அனானின் நோக்கம் குடும்பத்தாரின் மனநலமே என்பதால், அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். இரண்டும் இரண்டு தேவைகளுக்கானவை.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. குடிக்கு அடிமையான ஒருவரை அறையில் பூட்டி வைத்து, திடீரென்று ஒரு சொட்டும் கொடுக்காமல் திருத்திவிட நினைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நெடுங்காலம் மிகையாகக் குடித்த உடலில், நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாள்களில் நடுக்கமும் காய்ச்சலும் வந்து, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, சித்தப்பிரமை உண்டாகி, சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகவும் கூடும். நிறுத்துவது மருத்துவ மேற்பார்வையில் நடக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு பெண்மணி தம் தம்பியை அப்படித்தான் இழந்தார். அவருக்கு இதை முன்னமே சொல்ல யாருமில்லை.

அந்தச் சமூகப் பணியாளர் ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, ஸாரிட் என்பவர் உருவாக்கிய 22 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வோரின் சுமையை அளக்க 1980களில் அமைந்த அந்தக் கேள்வித்தாள், இன்று பல நோய்களுக்கும் பயன்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட வேண்டும். தூக்கம், உடல்நலம், பணம் பற்றிய கேள்விகளுக்குத் தடையில்லாமல் எண்களைப் போட்டுக்கொண்டு வந்த என் பேனா ஓரிடத்தில் நின்றுவிட்டது. இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பதுண்டா என்ற பொருளில் ஒரு கேள்வி. நான் 0 போட்டேன். அடித்தேன். 3 போட்டேன். பணியாளர் தாளைப் பார்த்தார். அந்த அடித்தலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "இங்கே வரும் எல்லாரும் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்" என்று மட்டும் சொன்னார். ஐந்து மாதத்தில் என்னைப் பற்றி மட்டுமே ஒருவர் கேட்ட முதல் 20 நிமிடங்கள் அவை. பிரிட்டனில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, பார்த்துக்கொள்பவர் தம் நிலைமையைத் தனியாக மதிப்பிடக் கேட்கும் உரிமை கிடைத்தது என்று பிறகு அறிந்தேன். உரிமை என்ற சொல் அங்கே நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் களைப்பின் அடியில் வேறொன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தவர் பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அவர், இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத அந்த இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்றார். உடல் கண்முன் இருந்து, அறிந்த மனிதர் மட்டும் இல்லாமற்போவதும் அதன் இன்னொரு வடிவம். சதுரங்கத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர்களையெல்லாம் தோற்கடித்துவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணனுக்காக நான் அழுததே இல்லை. அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி அழுவது? இரங்கல் சொல்ல யாரும் வருவதில்லை, நாள் குறித்துத் துக்கம் முடிவதும் இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, அங்கிருந்த அப்பா ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வன்முறையைப் பற்றி எழுதத் தயங்குகிறேன். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுவதே அதிகம். ஆயினும் நோய் முற்றிய நாள்களிலோ போதையிலோ அடி விழுந்தால், அது அருகில் இருப்பவர்மேல்தான் விழுகிறது, அவர் அதை மறைக்கவும் செய்கிறார். அம்மாவின் இடது புருவத்துக்கு மேலே உள்ள தழும்புக்கு நாங்கள் பல ஆண்டுகளாக அலமாரிக் கதவைக் காரணமாகச் சொல்லிவந்தோம். அந்த நேரத்தில் அறையைவிட்டு, தேவையானால் வீட்டைவிட்டு வெளியேறி உதவிக்கு ஆள் அழைப்பது துரோகம் ஆகாது. அம்மாவிடம் அதை யாராவது அப்போதே உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்கப்புறம் இவனை யார் பாப்பா?" என்ற கேள்வியை அம்மா என்னிடம் நேராகக் கேட்டதில்லை. விழுந்த பிறகு கேட்கத் தேவையில்லாமற்போயிற்று. நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம், எழுதியவன் அண்ணன். நான் நன்றாக இல்லாதபோது எந்த மருந்து எனக்கு வேண்டாம், யாரை முதலில் அழைக்க வேண்டும், எந்தப் பேச்சு என்னைப் பயமுறுத்துகிறது, எந்தப் பாட்டைப் போட்டால் அமைதியாவேன். நலமாக இருக்கும்போது நோயாளி எழுதும் இந்தக் குறிப்பு, நெருக்கடியில் குடும்பம் எடுக்கும் முடிவின் பாரத்தைப் பாதியாகக் குறைக்கிறது. மருத்துவரிடம் ஒரு பிரதி இருக்கிறது. அட்டையின் உட்புறத்தில் இருந்தவற்றையும் தனித்தாளில் எடுத்தெழுதி மூன்று பேரிடம் கொடுத்தோம்.

மூன்றாவது ஆள் சித்தி மகன். கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தபடி, "ஏதாவது உதவி வேணும்" என்று பொதுவாகக் கேட்காமல், "வியாழக்கிழமை மாலை அஞ்சு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் அண்ணனோட இருப்பியா" என்று அவனிடம் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டான். இத்தனை ஆண்டுகளாக ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை அக்கா என்றான். முதல் வியாழக்கிழமை நான் தெருமுனை வரை போய் நின்றுகொண்டே இருந்தேன். 20 நிமிடத்தில் திரும்பிவிட்டேன். இரண்டாம் வாரம் ஒரு பூங்காவில் உட்கார்ந்தேன். ஆறாவது வாரம் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன்.

போன மாதம் பரிசோதனைக்குச் சென்றிருந்தபோது மருத்துவர் அண்ணனிடம், தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அவன் வழக்கம்போல நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வியாழக்கிழமை அவ வெளிய போவா. முடி ஈரமா வருவா" என்றான். மருத்துவர் எழுதத் தொடங்கியதும், இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னான். "அன்னிக்கு அவ வந்ததுக்கு அப்புறம் தாழ்ப்பாள் போடறது நான்."